ரோடு கீழே, வடக்கு எங்கோ

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டாலும், அந்த இடத்தின் முன்னால் போகிற ரோடு தாளின் அடிப்பக்கம்தான் வர வேண்டும். ஊர் உலகமெல்லாம் வடக்கை மேலே வைத்து வரைகிறது. நாங்கள் ரோட்டைக் கீழே வைத்து வரைவோம். வடக்கைக் காட்டும் அம்புக்குறி, பாவம், தாளின் மூலையில் அழையா விருந்தாளி மாதிரி ஒடுங்கிக்கொண்டு, ஒரு படத்தில் இடப்பக்கமும் இன்னொரு படத்தில் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கட்டச் சொல்றவன் ரோட்டுல நின்னுதான் கட்டடத்தைப் பாப்பான். வடக்குல பறந்துக்கிட்டா பாப்பான்?" என்பது சட்டத்தை இயற்றியவரின் விளக்கம்.

இயற்றியவர் என் மாமனார். அலுவலகமும் அவருடையது, வீடும் அவருடையது. கீழ்த்தளம் அலுவலகம், மேல்தளம் வீடு. அலுவலகத்தில் அவர் பெரியவர், அவருடைய மகன், அதாவது என் கணவர், சின்னவர். நானும் அவர்களைப் போலக் கட்டட வடிவமைப்புப் படித்துத் தேறியவள்தான். ஆனாலும் எனக்குப் பெயர் மருமகள். கீழே மாமனாரை 'சார்' என்று கூப்பிட வேண்டும், மேலே 'மாமா'. மாடிப்படியில் எதிரே வந்தால் என்ன கூப்பிடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் படியில் நான் வாயைத் திறப்பதில்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் இளவயதில் கட்டியது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெளியே நின்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளே இருக்கிறவர்களும் வாயைப் பிளப்போம், மூச்சுக்காக. முகப்பு மேற்கே பார்த்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது எங்கள் படுக்கையறை. கண்ணாடி திறக்காது. திறந்தால் முகப்பின் கோடு கெட்டுவிடுமாம். மத்தியானம் சாய ஆரம்பித்தால் வெயில் கட்டில் வரைக்கும் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் தாங்க முடியாமல் ஈரப் போர்வை ஒன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டேன். மாமியார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தெருவுலேர்ந்து தெரியுதும்மா. மாமா பாத்தா வருத்தப்படுவாரு."

"எனக்குச் சுடுதே அத்தை."

"எனக்கும்தான் சுட்டுச்சு. நீங்க வர்ற வரைக்கும் நாங்கதானே அந்த ரூம்ல இருந்தோம்," என்றார், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

போர்வையை எடுத்துவிட்டேன். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த வீட்டில் வெயிலுக்கு இருக்கும் உரிமை கூட எனக்குக் கிடையாது.

இப்படி ஒரு வீட்டைக் கட்டியவரிடம்தான் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வேலை வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே, மரம் மட்டை இல்லாத ஒரு மேட்டில், தாய்மார்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் ஒரு கட்டடம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாத இடம். ஏ.சி. கூடாது, கட்டடமே தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அதை நடத்தப்போகிற டாக்டரம்மா முதல் நாள் வந்து உட்கார்ந்து சொன்னார்:

"பிள்ளை பெத்தவளால எழுந்து வேற இடத்துக்குப் போக முடியாதுங்க. படுக்க வச்ச இடத்துல கிடப்பா. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கட்டுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படுக்க வைத்த இடத்தில் கிடப்பவளைப் பற்றி எனக்குத் தெரியாததா?

மாமனார் வேலையைப் பிரித்தார். சுவரில் பெரிய தாள் ஒட்டி, ஆளுக்கொரு நிறத்தில் கோடு போட்டு, யார் எதை முடித்து யார் கையில் கொடுக்க வேண்டும் என்று எழுதினோம். இடத்தை அளந்து அடிப்படைப் படம் போடுவது அவர். அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, எந்த அறை எங்கே என்று முடிவு செய்வது என் கணவர். தூண், உத்தரம், கூரை எல்லாம் கம்பி அக்கா. இந்த அக்கா ஒரு கட்டடப் பொறியாளர். எதைக் கேட்டாலும் "கம்பி கூடுதலாப் போட்டுக்கலாம்" என்பதால் அந்தப் பெயர். உள் அமைப்பும், மாதிரிக் கட்டடம் செய்வதும், நாலு பேர் வேலையையும் கோத்துக் கொண்டுபோவதும் நான்.

அன்று சாயங்காலம் மாமனார் மாடிக்கு வந்து, ஒரு சேதி சொல்வது போலத் தன் மகனிடம் சொன்னார். "இந்த வேலையைக் குத்தம் குறை இல்லாம முடிச்சுக் குடு. கடற்கரை ஊருல ஒரு கிளை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீயும் உன் பொண்டாட்டியும் போய்ப் பாத்துக்குங்க."

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை 'திசை தெரியாதவன்' என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சொல்லியே வளர்த்தவர் மாமனார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா! அடுத்த வாரமே வேறு வேலையாகப் போவது போலப் போய் நாங்கள் அங்கே ஒரு வாடகை வீடு பார்த்தோம். சின்ன வீடு, காரை பெயர்ந்த சுவர். ஆனால் எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல். இரண்டையும் திறந்துவிட்டு நடுவில் நின்றேன். காற்று ஒன்றில் நுழைந்து என்னைத் தாண்டி மற்றதில் போனது. நான் அழுதுவிட்டேன். வீட்டுக்காரம்மாள் தூசி விழுந்துவிட்டதோ என்று பதறி, தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் நான் மாடாக உழைத்ததற்குக் காரணம் தொழில் பக்தி என்று சொன்னால் அது பச்சைப் பொய். அந்த இரண்டு ஜன்னலுக்காக உழைத்தேன்.

படம் நன்றாகவே வந்தது. தாய்மார்கள் படுக்கும் கூடம் வடக்கே பார்த்து, பெரிய பெரிய ஜன்னல்களோடு. வடக்கு வெளிச்சம் கண்ணை உறுத்தாது, சுடாது. மேற்கு வெயிலை மறிக்க அந்தப் பக்கம் முழுக்கத் தடித்த சுவர்; சாமான் அறையும் குளியலறையும் அதை ஒட்டி. கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் காற்றோட. மாதிரிக் கட்டடத்தை அட்டையில் செய்து வைத்தபோது டாக்டரம்மா அதன் ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்து, "நானே வந்து படுத்துக்கலாம் போல இருக்கே," என்றார். மாமனார் என் கணவரின் தோளைத் தட்டினார். எங்கள் கல்யாணத்தில் கூட அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். மாமனார் எப்போதும் விடியற்காலையிலேயே இடத்துக்குப் போய் வந்துவிடுவார், வெயில் அவருக்கு ஆகாது. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை. நானும் கம்பி அக்காவும் போனோம். கயிறு கட்டி, கோடு போட்டு முடிக்கும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. கூடத்தின் கோடு காய்ந்ததும், சும்மா ஒரு ஆசைக்கு, முதல் கட்டில் வரும் இடத்தில் போய் நின்றேன். ஜன்னல் வரப்போகும் பக்கம் திரும்பினேன்.

முகத்தில் பொளேர் என்று அடித்தது வெயில்.

அந்த வெயிலை எனக்குத் தெரியும். கன்னத்தில் எந்த இடத்தில் விழும், கண்ணை எவ்வளவு இடுக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. அது என் படுக்கையறை வெயில்.

"அக்கா, இது எந்தப் பக்கம்?"

"வடக்கு. படத்துல அப்படித்தானே இருக்கு."

"அப்போ சூரியன் ஏன் இங்க இருக்கு?"

அக்கா நெற்றியில் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தார். சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "சூரியன் வீடு மாத்திடுச்சா என்ன?" என்று சிரித்தவர், பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார்.

ரோடு இருந்தது அந்த இடத்துக்குக் கிழக்கே. எங்கள் சட்டப்படி ரோடு தாளின் கீழே. ஆக, தாளின் மேல்பக்கம் மேற்கு. ஆனால் கணினிக்கு எங்கள் வீட்டுச் சட்டம் தெரியாது, படத்தை ஏற்றினால் மேல்பக்கம் வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். மூலையில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து ஏற்றுகிறவர்தான் திருப்பிவிட வேண்டும். என் கணவர் திருப்பவில்லை. அதன் பிறகு நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, மேலே இருப்பது வடக்கு என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். பெரிய ஜன்னல்களெல்லாம் மேற்கு வெயிலை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தடித்த சுவர் போய்த் தெற்கே நின்றது. அந்த மேட்டில் சாயங்காலமானால் ஜிலுஜிலுவென்று வருவது தெற்குக் காற்று ஒன்றுதான். அதன் மூஞ்சியில் அடித்தாற்போலச் சுவரை எழுப்பி வைத்திருந்தோம். சூளை கட்டுகிறவன் கூட இவ்வளவு பொருத்தமாகக் கட்டமாட்டான்.

"நான் கம்பி போடுறவ. எனக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் கம்பிதான்," என்றார் அக்கா மெதுவாக. "நீதான் போய்ச் சொல்லணும்."

கணவரிடம் முதலில் சொன்னேன். எங்கள் அறையில், அதே வெயிலில். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லாம எப்படிங்க?"

"நாளைக்கு டாக்டரம்மா வந்து கோட்டைப் பாத்துட்டு சரின்னுட்டா தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. நாம கிளம்பிடலாம். அப்புறமா ஜன்னலுக்கு ஏதாவது மறைப்பு, திரை, அந்த மாதிரி…"

"திரையா? நம்ம ரூம்ல போட விட்டாங்களே, அந்த மாதிரியா?"

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது. "தெரிஞ்சா என்னை விடமாட்டாரு. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. கிளை, கிளைன்னு நீதானே கனவு கண்ட?" என்றார்.

கண்டேன்தான். இரவெல்லாம் புரண்டுகொண்டு கிடந்தேன். வாயைத் திறந்தால் இந்த அறை எனக்கு ஆயுசுக்கும். வாயை மூடிக்கொண்டால் நான் அந்த இரண்டு ஜன்னலுக்கு நடுவில் நிற்கலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தி மாற்றி ஒருத்தியாக, எழுந்து போக முடியாதவள், பச்சைக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என் வெயிலில் கிடப்பாள். என்னைப் போல எழுந்து ஒரு ஈரப் போர்வையைத் தொங்கவிடக் கூட அவளால் முடியாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டால்? மாமனார் கத்துவார். மருமகள்தானே, மூன்று நாள் கத்தினால் ஆறிவிடும். மகன் பெயர் கெடாது, கிளையும் அவர் கையை விட்டுப் போகாது. அவர் போனால் நானும் போவேன். கட்டடமும் திருந்தும். எல்லா முடிச்சும் அவிழ்ந்தது போல இருந்தது. காலையில் கணவரிடம் சொன்னபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதை நான் மறக்கவே மாட்டேன்," என்றார்.

டாக்டரம்மா வருவதற்கு முன் நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மாதிரிக் கட்டடம் நடுவில் இருந்தது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று ஆரம்பித்தேன். அடிப்படைப் படத்தைக் கணினியில் ஏற்றியது நான்தான், திருப்பாமல் கொடுத்துவிட்டேன், சின்னவர் என்னை நம்பி வேலை செய்துவிட்டார் என்று மடமடவென்று ஒப்பித்தேன். சொல்லி முடித்து மாதிரிக் கட்டடத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன். தடித்த சுவர் மேற்கே போனது. கூடம் வடக்கே வந்தது.

கம்பி அக்கா குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். மாமனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மாதிரிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பினா இடத்துல அடங்காதே. நீளம் இடிக்கும்."

"ரெண்டா வெட்டி, நடுவுல முற்றம் விடலாம் சார். தெற்குக் காத்து முற்றத்துல விழுந்து கூடத்துக்குள்ள போகும்."

"தூணெல்லாம் மறுபடி போடணும்," என்றார் அக்கா. "போட்டுடலாம். கம்பி கொஞ்சம் கூடுதலா…"

"ரோட்டுக்கு விலாவைக் காட்டிக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும் சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், நல்ல கனிவான சிரிப்பு.

"எதுக்கும்மா சார்? மாமான்னே கூப்பிடு. தப்புன்னு தெரிஞ்சதும் வந்து சொன்ன பாரு, பெத்த பொண்ணுக்குக் கூட வராது இந்தத் தைரியம்." பென்சிலை எடுத்துச் சுவர்த்தாளுக்குப் போனார். "சரி. தப்பு பண்ணினவங்கதான் சரி பண்ணணும். மறுபடி வரையறது, கோடு போடறது, கட்டி முடியற வரைக்கும் மேற்பார்வை, எல்லாம் நீ பாத்துக்க. கிளையைத் தள்ளிப்போட வேண்டாம். அவன் முன்னாடி போகட்டும். நீ இங்க இரு. அத்தைக்கும் துணையா இருக்கும்."

சுவர்த்தாளில் என் நிறம் மட்டும் கடைசிக் கட்டம் வரைக்கும் நீண்டுகொண்டே போனது.

நான் போட்ட கணக்கில் எல்லோரும் இருந்தார்கள். என்னை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன்.

கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'அவ இல்லாம நான் போகமாட்டேன்' என்று சொல்லலாம். 'தப்பு என்னுது' என்று கூடச் சொல்ல வேண்டாம், இது போதும். அவர் தன் பென்சிலை எடுத்து முனையைப் பார்த்தார். கூர்மையாகத்தான் இருந்தது. இருந்தாலும் சீவ ஆரம்பித்தார்.

"அதுவும் சரிதான்," என்றார், பென்சிலிடம்.

கம்பி அக்கா நாற்காலியைத் தரையில் கீச்சென்று இழுத்துவிட்டு எழுந்துபோனார். கணவரும் அவர் பின்னாலேயே நழுவினார். நான் மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாமனார் சுவர்ப் பக்கமிருந்து திரும்பாமலேயே சொன்னார்:

"அவன் கம்ப்யூட்டர்ல நீ கை வைக்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

என் விரல்கள் அட்டையை அழுத்திவிட்டன. ஒரு ஜன்னல் சட்டம் பிய்ந்து கீழே விழுந்தது.

"அவன் அங்க போய் ஏதோ ஒரு மேஜையில உக்காந்திருக்கட்டும். ஊருக்குக் கிளைன்னு ஒண்ணு இருந்தாச் சரி. ஆனா எனக்கு இங்க ஒரு ஆள் வேணும்." திரும்பி, அந்தச் சட்டத்தைக் குனிந்து எடுத்து என் கையில் வைத்தார். "கவலைப்படாத. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லமாட்ட."

சொல்ல முடியாது என்று இருவருக்கும் தெரியும். நானே கட்டிய சுவர் அது, கதவு வைக்காமல் கட்டியிருந்தேன்.

வயிற்றெரிச்சலோடு செய்தாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அந்தத் தாய்மார்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? மறுபடி வரையும்போது வடக்கைத் தாளின் மேலே வைத்தேன். மாமனார் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிறையில் கொடுக்கிற சலுகை அது. கணவர் கிளம்பும்போது பெட்டியை நான்தான் அடுக்கினேன். "கட்டி முடிஞ்சதும் வந்துடு," என்றார். கட்டடம் எழுந்தது. முதல் கூடம் திறந்த அன்று போயிருந்தேன். மத்தியான வேளை. கரண்ட் இல்லை. ஒரு பெண் பிள்ளை பெற்ற களைப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் மட்டும் வந்தது, வெயில் வரவில்லை. முற்றத்துப் பக்கமிருந்து காற்று வந்து அவள் நெற்றி முடியை அசைத்தது. டாக்டரம்மா என் தோளைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்மா," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

திரும்பி வந்தபோது சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூடம், அதுவும் ஏ.சி. இல்லாமல். என் நிறம் முதல் கட்டத்திலேயே இருந்தது. "உன்னை விட்டா இதுக்கு யாரு?" என்றார் மாமனார். படியேறும்போது மாமியார் மேலிருந்து, "வந்துட்டியாம்மா?" என்றார், எங்கோ போய்விடுவேன் என்று பயந்தவர் போல.

அறைக்குப் போனேன். வெயில் கட்டிலில் ஏற ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது, கணவர்.

"சாப்பிட்டியா? கட்டடம் திறந்தாச்சாமே, அப்பா சொன்னாரு. உன்னைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாரு." பின்னால் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, திரைச்சீலையாக இருக்கும். "நாம பாத்தோமே, அந்த வீட்டையே எடுத்துட்டேன். ரெண்டு ஜன்னலும் திறந்துதான் வச்சிருக்கேன். என்ன காத்து தெரியுமா! சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது."

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். சுட்டது. எடுக்கவில்லை.

"எந்தப் பக்கத்துக் காத்துங்க?" என்று கேட்டேன்.

திரைச்சீலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அது தெரியலையே," என்றார். "ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வருது."